பக்ரீத்துக்கு முந்தின நாள் ஹெட்டைக் கழற்றியது

நான் இருந்தேன். லாரி என்னுடையது.

என் மனைவி இருந்தாள். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டாள்.

அவளுடைய தம்பி இருந்தான். தோல் பதமாக்குகிற ஷாப்பில் டிரம்முக்கு ஆள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்தான்.

காலையில் கொஞ்ச நேரம் பாய் இருந்தார். தோல் வியாபாரி. என் வண்டிக்கு வருகிற லோடில் பெரும்பங்கு அவருடையது.

பக்கத்து வீட்டு ஆடும் இருந்தது. மறுநாள் பக்ரீத். அறுத்துக் குர்பானி கொடுக்க வாங்கி வந்து, நிழல் இருக்கிறது என்று எங்கள் மதில் ஓரமாகக் கட்டியிருந்தார்கள்.

மெக்கானிக் இல்லை.

வண்டி நின்றது அதற்கு முந்தின நாள். நாட்றம்பள்ளி தாண்டி ஆம்பூருக்கு வந்துகொண்டிருந்தேன். காலி வண்டி. ஆனாலும் சூடு காட்டுகிற முள் மேலே போனது. ஓரம் கட்டினேன். பின்னால் வெள்ளைப் புகை. ஆறட்டும் என்று புளிய மரத்தடியில் உட்கார்ந்தேன். ஆறினதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். தண்ணீர் குமிழி விட்டது. ஆயில் குச்சியை இழுத்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. உடனே ஆஃப் செய்தேன். அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை. ஹெட் கேஸ்கட் போய்விட்டது.

எஞ்சினில் கீழே இருப்பது பிளாக். மேலே மூடி மாதிரி உட்காருவது ஹெட். இரண்டுக்கும் நடுவில் ஒரு தகடு. அதில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஒரு ஓட்டையில் நெருப்பு. ஒன்றில் தண்ணீர். ஒன்றில் ஆயில். மூன்றும் ஒன்றோடொன்று சேராமல் பார்த்துக்கொள்வது அந்தத் தகடுதான். அதில் ஒரு இடம் எரிந்தால் போதும். எல்லாம் கலந்துவிடும்.

தெரிந்த வண்டிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டு வாசலில் விட்டார். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"பண்டிகை கழிச்சி பாக்கலாம்ணா. நான் ஆடு வாங்கப் போயிக்கினு இருக்கேன்."

"பண்டிகை அன்னிக்குத்தான் வண்டி வேணும்."

"அப்ப நீயே கழட்டேன். எத்தினி தபா எம் பக்கத்துல நின்னு பாத்திருக்கே. டார்க் ரெஞ்ச் வேணும்னா கடையாண்ட வந்து எடுத்துக்கோ. கீழ மட்டும் போட்டுடாதே."

போய் எடுத்துக்கொண்டேன். வருகிற வழியில் புது ஹெட் கேஸ்கட் ஒன்று, ஆயில், சின்னச் சின்ன ஜாயின்டுகளுக்கு வெட்டிப் போட ஒரு பேக்கிங் ஷீட். ஷீட் என்பது கெட்டியான காகிதம்தான். இவ்வளவுதான் வாங்கினேன். முழு செட்டாக வாங்கக் கையில் இல்லை.

பக்ரீத் ஏன் முக்கியம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வருஷத்தில் அந்த ஒரு நாள் ஊர் முழுக்க ஆடு அறுப்பார்கள். தோலைப் பள்ளிவாசலுக்கும் மதரசாவுக்கும் கொடுத்துவிடுவார்கள். வியாபாரிகள் அங்கே வாங்குவார்கள். வாங்கின தோல் அன்றைக்கே உப்புக்குப் போக வேண்டும். வெயிலில் குவிந்து கிடந்தால் மயிர் கழன்றுவிடும். மயிர் கழன்ற தோலை யாரும் சீண்டமாட்டார்கள். அதனால் அன்றைக்கு வண்டி நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும். நேரத்துக்கு நின்ற வண்டிக்குத்தான் அப்புறம் வருஷம் முழுக்க லோடு. நிற்காத வண்டியை மறந்துவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் மறப்பது கிடையாது. இன்னொரு வண்டி பழகிவிடும், அவ்வளவுதான்.

கொரோனாவுக்குப் பிறகு எனக்கு இருந்தது பாய் கொடுக்கிற லோடு ஒன்றுதான். அது போனால் லாரியை விற்க வேண்டும். அந்த வயசு லாரியை எடைக்குத்தான் எடுப்பார்கள்.

காலையில் வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்தேன். தண்ணீரை இறக்கினேன். ஓஸ் பைப்பைக் கழற்றினேன். டீசல் பைப்புகளைக் கழற்றி வாயைத் துணியால் அடைத்தேன். மச்சான் கழற்றின போல்ட்டுகளை வாங்கி வாங்கி வைத்தான். மனைவி ஒரு அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, வால்வைத் தள்ளுகிற கம்பிகளில் எது எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில் செருகினாள். சொல்லாமலேயே செய்தாள். கம்பெனியில் இடது கால் வலது கால் மாறாமல் அடுக்கிப் பழகின கை.

அப்போதுதான் பாய் ஸ்கூட்டரில் வந்தார். இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றி நின்றபடி எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா, வண்டிக்கே குர்பானியா?"

மச்சான் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"நாளைக்கு நிக்கும் பாய்."

"நாளைக்கு எத்தினி மணிக்கு?"

"நீங்க சொல்ற மணிக்கு."

"பன்னண்டுக்கு பெரிய பள்ளிவாசல் பின்னாடி. அங்க ஏத்திக்கினு, அப்பறம் வழில இருக்கிற மதரசா எல்லாம். நிக்கும்னா சரி. நிக்காதுன்னா இப்பவே சொல்லு. வாணியம்பாடில ஒருத்தன் புது வண்டி எடுத்துட்டு தெனம் எனக்கு போன் அடிக்கிறான்."

"நிக்கும்."

திறந்து கிடந்த எஞ்சினை இன்னொரு முறை பார்த்தார்.

"சாயந்திரம் அஞ்சு மணிக்கு எனக்கு ஒரு போன் போடு. ஆமான்னா ஆமான்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. நான் கோச்சிக்க மாட்டேன். இழுத்தடிச்சிட்டு நாளைக்கு கைய விரிச்சீன்னாதான் பேஜார். தோலு காத்துக்கினு இருக்காதுப்பா."

போய்விட்டார். மனைவி டீ கொண்டுவந்தாள். குடித்தோம்.

ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். பழைய போல்ட். ஒவ்வொன்றும் கத்தியது. கடைசி ஒன்று அசையவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி மச்சானும் நானும் சேர்ந்து தொங்கினோம்.

"ஒடைஞ்சா இன்னா மாமா பண்றது?"

"ஒடையாது."

"ஒடைஞ்சா?"

"பேசாம இழு."

டக்கென்று விட்டது. இரண்டு பேரும் பின்னால் விழுந்தோம். போல்ட் முழுசாக இருந்தது.

ஹெட்டைத் தூக்க இரண்டு ஆள் போதாது. வார்ப்பிரும்பு. மனைவியும் புடவையைச் செருகிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் தூக்கி மரப்பலகை மேல் வைத்தோம். பழைய தகட்டைப் பார்த்தேன். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எரிந்து கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. மனைவி குனிந்து பார்த்தாள்.

"இம்மாந்துண்டுதானா? இதுக்கா அவ்ளோ பெரிய வண்டி நின்னுச்சி?"

"ஆமா."

அடுத்தது பயமான வேலை. சூட்டில் ஹெட் வளைந்திருக்கலாம். வளைந்திருந்தால் வேலூருக்குக் கொண்டுபோய் லேத்தில் சீவ வேண்டும். அன்றைக்கு எந்த லேத்தும் வாங்காது. இரும்பு ஸ்கேலை நெட்டுக்கு வைத்தேன். குறுக்கே வைத்தேன். மூலைக்கு மூலை வைத்தேன். அடியில் மெல்லிய இடைவெளித் தகட்டைச் செருகிப் பார்த்தேன். எங்கேயும் நுழையவில்லை. ஹெட் வளையவில்லை. ஸ்கேலைத் துடைத்து வைத்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தாள்.

மச்சானும் நானும் சுரண்ட ஆரம்பித்தோம். பழைய தகடு ஒட்டிக்கொண்டிருந்த இடமெல்லாம் சுத்தமாக வர வேண்டும்.

"இதுவும் சவ்வு எடுக்கிற வேலைதான் மாமா. ஷாப்புல தோலுக்கு எடுப்போம். இங்க இரும்புக்கு."

"பள்ளம் விழாம எடு."

"தோல்ல பள்ளம் விழுந்தா மேஸ்திரி திட்டுவாரு. நீ அவர விட மோசம். திட்டவும் மாட்டேங்கிற."

போல்ட் ஓட்டைகளில் தண்ணீர் தங்கியிருந்தது. தண்ணீர் இருந்தால் போல்ட் இறுகின மாதிரி பொய் காட்டும். சைக்கிள் பம்பால் ஊதி எடுத்தேன். துணித் திரி போட்டு ஒற்றினேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பிட்டுக் கை கழுவும்போது மனைவி கத்தினாள்.

"ஏங்க, ஆடு!"

ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு மதில்மேல் முன்னங்காலைப் போட்டு நின்றது. மதில்மேல்தான் பேக்கிங் ஷீட்டைக் காற்றில் பறக்காமல் கல் வைத்து வைத்திருந்தேன். கல் கீழே கிடந்தது. ஷீட்டில் கடைசி மூலை ஆட்டின் வாயில் இருந்தது. நான் போவதற்குள் அதுவும் உள்ளே போய்விட்டது. ஆடு என்னைப் பார்த்துத் தாடையை அசைத்தது.

மச்சான் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"கவலப்படாத மாமா. நாளைக்கு வயித்த அறுக்கும்போது கெடைக்கும். நல்லா ஊறி இருக்கும்."

"வாய மூடுறா," என்றாள் அவன் அக்கா.

மற்ற இடங்களுக்குப் பழைய பேக்கிங்கே கிழியாமல் வந்திருந்தது. ஒரே ஒரு இடம்தான் இடித்தது. ஹெட்டின் முன்பக்கம், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகிற வளைவுக் குழாய், முழங்கை. அதன் அடியில் இருந்த காகிதம் துண்டு துண்டாக வந்திருந்தது. ஸ்பேர் கடைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இன்னொரு கடை. மத்தியானமே மூடியாகிவிட்டது என்றார்கள்.

எங்கள் ஊரில் இப்படி வந்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள். தோலை வெட்டுவார்கள். குழாய் ஒழுகினால் தோல் வாஷர். பம்ப் காற்று பிடிக்கவில்லையென்றால் தோல். கதவு அடித்துக்கொண்டால், கட்டில் கால் ஆடினால், மிக்ஸி மூடி தளர்ந்தால் தோல். எந்த வீட்டிலும் ஒரு பையில் துண்டுத் தோல் கிடக்கும். எங்கள் வீட்டில் இரண்டு பை. ஒன்று அவள் கம்பெனியில் கழித்துப் போட்டது. இன்னொன்று அவன் ஷாப்பில் கழித்துப் போட்டது. அவன் பையை எலி நாசம் செய்துவிட்டதால் அந்த மாதம்தான் தூக்கிப் போட்டிருந்தோம்.

அவள் தன் பையிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தாள். ஷூவுக்குள் பாதம் படுகிற இடத்தில் வைக்கிற தோல். மரப்பட்டை நிறம். விறைப்பாக, ஒரே கனமாக இருந்தது. முழங்கையை அதன்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்தேன். அவளே கத்தரித்தாள். ஓட்டை போடுகிற பஞ்சும் அவளிடம் இருந்தது. கடையில் வாங்கினது தோற்றது. அவ்வளவு அழகாக இருந்தது. கிரீஸ் தடவிப் பூட்டினேன்.

புதுத் தகட்டை வைத்தேன். எந்தப் பக்கம் மேலே என்று அதிலேயே அடித்திருக்கும். இரண்டு முறை பார்த்தேன். ஹெட்டை இறக்கினோம். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கிக்கொண்டு போனேன். முதலில் கொஞ்சம். அப்புறம் இன்னும் கொஞ்சம். கடைசியில் மெக்கானிக்கின் ரெஞ்ச். அளவு வந்ததும் டிக்கென்று சொல்லும். ஒவ்வொரு டிக்குக்கும் மச்சான் தலையாட்டினான்.

புது ஆயில் ஊற்றினேன். தண்ணீருக்கு மனைவி கேன் தண்ணீரைத் தூக்கிவந்தாள். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. அதைக் குடிக்கவும் முடியாது, ரேடியேட்டரில் ஊற்றவும் முடியாது.

"குடிக்க இன்னா பண்றது?"

"நாளைக்கு வாங்கிக்கலாம். ஊத்து."

சாவியைத் திருப்பினேன். இருமியது. நின்றது. மறுபடி திருப்பினேன். ஒரு சிலிண்டர் பிடித்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நான்கும். மச்சான் ஆட்டைப் பார்த்துச் சலாம் வைத்தான். கறுப்புப் புகை வந்து தெளிந்தது. வெள்ளை இல்லை. ரேடியேட்டருக்குள் குமிழி இல்லை. முள் மெதுவாக ஏறிப் பாதியில் நின்றது.

மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள். "போன் போடுங்க," என்றாள்.

போனை எடுத்தேன். அப்போது சத்தம் கேட்டது. சூடான இரும்பில் தண்ணீர் விழுகிற சத்தம்.

குனிந்து பார்த்தேன். முன்பக்கம் ஹெட்டும் பிளாக்கும் சேருகிற கோட்டில் தண்ணீர் ஓடியது. ஆவி கிளம்பியது. கொட்டிக்கொண்டே இருந்தது. ஆஃப் செய்தேன்.

மச்சான் சலாம் வைத்த கையைக் கீழே போட்டான்.

ஒரு முறை இறுக்கின தகட்டைக் கழற்றினால் திரும்பப் போட முடியாது. புதுசுதான் வேண்டும். கடை மூடி. அப்படியே கிடைத்தாலும் மறுநாள் பன்னிரண்டுக்குள் முடியாது. மணி பார்த்தேன். ஐந்தாகப் போகிறது. வேலை தப்பானது வேறு. பொய் சொல்வது வேறு. பாய் எண்ணை எடுத்தேன்.

"இன்னா பண்றீங்க?"

"இல்லன்னு சொல்லிடறேன்."

"எங்கேர்ந்து ஒழுவுதுன்னு பாத்தீங்களா?"

"கோட்டுல ஓடுது. பாத்தேன்."

"கோட்டுல ஓடுது. கோட்டுலேர்ந்து வருதா?"

போன் அடித்தது. பாய்தான். ஐந்து மணி ஆகியிருந்தது. என் கையிலிருந்து போனை அவள் வாங்கிக்கொண்டாள்.

"பாய் அண்ணே, நான் அவர் வீட்ல பேசறேன். ஒரு அரமணி நேரம் குடுங்க. இல்ல, பொய் சொல்லல. வண்டி ஸ்டார்ட் ஆய்டுச்சி. ஒரு எடம் பாக்கணும். பாத்துட்டு அவரே பேசுவாரு."

வைத்துவிட்டு உள்ளே போனாள். கோலமாவு டப்பாவோடு வந்தாள்.

"தொடைங்க. நல்லா காயத் தொடைங்க."

மச்சான் பனியன் துணியால் துடைத்தான். சூட்டில் சீக்கிரம் காய்ந்தது. அவள் குனிந்து, ஹெட்டும் பிளாக்கும் சேருகிற கோடு முழுக்கக் கோலமாவைத் தூவினாள். முழங்கையைச் சுற்றியும் தூவினாள். எண்ணெய்ப் பிசுக்கில் மாவு நன்றாக ஒட்டியது. முன்பக்கம் முழுக்க வெள்ளை.

"தையல்ல நூல் அறுந்தா எங்க அறுந்துச்சின்னு மொதல்ல பாப்போம். அப்பறம்தான் பிரிப்போம். எடுத்ததும் பிரிச்சா சூப்பர்வைசர் கத்துவா. இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

ஸ்டார்ட் செய்தேன். இறங்கி வந்தேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கோடு வெள்ளையாகவே இருந்தது. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் முழங்கையின் அடியில் ஒரு இடம் சாம்பல் நிறமானது. நனைந்தது. ஒரு சொட்டு திரண்டு, மாவில் கோடு கிழித்துக்கொண்டு கீழே வந்து, ஹெட் ஓரத்துக் கோட்டில் பரவியது.

"மேலேர்ந்துதான் வருது," என்றாள்.

மேலே இருந்துதான் வந்தது. தகடு நன்றாக இருந்தது.

ஆஃப் செய்து, ஆறவிட்டு, முழங்கையைக் கழற்றினேன். உள்ளே இருந்த தோலைப் பார்த்தோம். சுருங்கிப் போயிருந்தது. ஓரமெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து, தொட்டால் கட்டையாக இருந்தது.

மச்சான் அதை விரலால் தூக்கிப் பிடித்தான்.

"அக்கா, இது பட்டைத் தோலு."

"ஆமா. இன்சோலு."

"பட்டையில ஊறவெச்ச தோல வெந்நியில போட்டா சுருங்காம இன்னா பண்ணும்? எஞ்சின் தண்ணி இன்னா ஐஸ் தண்ணியா?"

"உங்க மாமாதான் கேட்டாரு. நான் குடுத்தேன்."

"தோல் ஊர்ல பொறந்து, தோல் ஏத்தற வண்டி ஓட்டி, தோல் தைக்கிறவளக் கட்டிக்கினு..." என்று ஆரம்பித்தான்.

"நீயும்தானடா பக்கத்துல நின்னே," என்றாள். "நீ டிரம் ஓட்டறவன். அப்ப உன் வாய்ல இன்னா இருந்துச்சி?"

அவன் யோசித்தான். "தூக்கம் வந்துச்சி," என்றான்.

விஷயம் இதுதான். மரப்பட்டைச் சாற்றில் பதமாக்கின தோல் சூடான தண்ணீருக்குத் தாங்காது. குரோம் உப்பில் பதமாக்கின தோல் தாங்கும். அவன் ஷாப்பில் டிரம்மிலிருந்து தோலை இறக்குவதற்கு முன்னால் ஒரு துண்டு அறுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். சுருங்காவிட்டால் இறக்கலாம். சுருங்கினால் டிரம் மறுபடி ஓட வேண்டும். தினமும் அவன் கண்ணுக்கு முன்னால் நடக்கிற வேலை. வீட்டு வாசலில் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. தோல் என்றால் தோல் என்று போட்டுவிட்டோம்.

"குரோம் தோல் வேணும்," என்றேன்.

"எங்கிட்ட எங்க இருக்கு? எலி தின்னுச்சே."

அவள் தெருவில் நின்ற அவன் பைக்கைப் பார்த்தாள். அவன் அவள் பார்ப்பதைப் பார்த்தான்.

"அக்கா. வேணாம்."

பைக் சீட்டுக்குப் போன மாதம்தான் தோல் உறை போட்டிருந்தான். காபி கலர் மாட்டுத்தோல். ஷாப்பில் ஆள் பிடித்து வாங்கி, அக்காவிடம் கெஞ்சித் தைத்து வாங்கினது. மழை வந்தால் சட்டையைக் கழற்றிச் சீட்டுக்குப் போடுகிறவன்.

"அடியில மடிச்சி விட்டதுலதான் அறுப்பேன். வெளிய தெரியாது. தச்சவளுக்குத் தெரியாதா எங்க ஜாஸ்தி விட்டேன்னு?"

"மாமா, நீயாவது சொல்லு."

"அறு," என்றேன்.

சீட்டைக் கழற்றித் தலைகீழாக மடியில் வைத்துக்கொண்டாள். ஆணியைப் பெயர்த்து, மடிப்பிலிருந்து உள்ளங்கை அகலம் அறுத்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் பொருத்துவதற்கு முன்னால் அவனே பிடித்துக்கொண்டான்.

"இந்தத் தபா கொதிக்க வெச்சி பாத்துட்டுத்தான் போடணும். ஷாப்பு ரூலு."

ஓரத்தில் ஒரு நாடா நறுக்கினான். நீளத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தான். அடுப்பில் டீ பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. நாடாவைப் போட்டான்.

"டேய், அதுல இனிமே யாருடா டீ குடிப்பா?"

"நான் குடிக்கிறேன். என் சீட்டுதான?"

கொதித்தது. நாடா தண்ணீரில் சுற்றிச் சுற்றி வந்தது. இடுக்கியால் எடுத்துச் சுவரில் வைத்தான். குறித்த நீளம் அப்படியே இருந்தது. விரலில் சுற்றினான். மெத்தென்று சுற்றிக்கொண்டது.

"எறக்கலாம் மாமா," என்றான்.

மறுபடி வரைந்தோம். மறுபடி வெட்டினாள். கிரீஸ் தடவிப் பூட்டினேன். கேனில் மிச்சம் இருந்த தண்ணீரை ஊற்றினேன். அவள் துடைத்துவிட்டு மறுபடி கோலமாவு தூவினாள். ஸ்டார்ட் செய்தேன். முள் பாதிக்கு வந்து நின்றது. காத்திருந்தோம். இன்னும் காத்திருந்தோம். மாவு காய்ந்தே இருந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னாள். மிதித்தேன். அதிர்வில் கொஞ்சம் மாவு உதிர்ந்தது. நனையவில்லை.

பாய்க்குப் போன் செய்தேன். போனை எஞ்சின் பக்கம் நீட்டினேன்.

"கேக்குதா பாய்?"

"கேக்குது. சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஒழுவுற சத்தம் போன்ல கேக்காதேப்பா."

"ஒழுவல."

"உன் வீட்ல கேட்டுக்கட்டுமா?"

போனை அவளிடம் கொடுத்தேன். "ஒழுவல அண்ணே," என்றாள். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹெட் போல்ட்டுகளை மறுபடி ஒரு சுற்று இறுக்கினேன். பழைய எஞ்சினுக்கு அப்படிச் செய்ய வேண்டும். புதுத் தகடு ஒரு தடவை சூடு கண்டு உட்கார்ந்த பிறகு போல்ட் கொஞ்சம் இளகும். சிலது அரைச் சுற்று வாங்கியது. மச்சான் ஆயில் குச்சியை இழுத்துக் காட்டினான். தேன் நிறம். தொழுகை முடிந்து புதுச் சட்டையோடு ஆட்கள் தெருவில் கைகொடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கும் கைகொடுத்தார். என் கை எண்ணெயாக இருந்தது. அவர் விடவில்லை.

மனைவி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்கே?"

"முள்ளப் பாக்க."

மச்சான் பின்னால் ஏறினான். தூங்கப் போகச் சொன்னேன். கேட்கவில்லை.

பள்ளிவாசலுக்குப் பின்னால் போனபோது வெயில் உச்சியில் இருந்தது. பாய் குடை பிடித்து நின்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கையால் பின்னால் வா வா என்று காட்டினார். ஆட்கள் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு தோலாக விரித்து, உப்புக் கல்லை வாரிப் போட்டு, மடித்து அடுக்கினார்கள். எஞ்சினை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப எடுக்குமா என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அவள் சீட்டில் உட்கார்ந்து முள்ளையே பார்த்தாள். ஒரு பெண் வந்து அவள் கையில் சேமியா கிண்ணத்தைக் கொடுத்தாள். முள்ளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அங்கிருந்து ஒரு மதரசா. அங்கிருந்து இன்னொன்று. ரயில்வே கேட்டில் நின்றோம். முள் பாதியைத் தாண்டவில்லை. மேட்டில் ஏறினோம். தாண்டவில்லை. மச்சான் லோடு ஓரத்தில் சாய்ந்து தூங்கிவிட்டான். அந்த நாற்றத்தில் அவனுக்குத்தான் தூக்கம் வரும்.

குடோனுக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்தினேன். பானெட்டைத் திறந்தேன். முழங்கையின் அடியில் விரலை வைத்தேன். சுட்டது. ஈரம் இல்லை. பாய் வந்து பக்கத்தில் நின்றார்.

"நாளைக்கு குடியாத்தம் போணும். நாளன்னிக்கு பேர்ணாம்பட்டு. டீசல் போட்டு வை."

"வாணியம்பாடிக்காரன்?"

"அவன் இன்னும் போன் அடிச்சிக்கினுதான் இருக்கான். நான் எடுக்கல."

இறக்க ஆரம்பித்தார்கள். பாய் ஒவ்வொன்றையும் பிடித்து மயிரை இழுத்துப் பார்த்தார். பிடித்த இடத்தில் நின்றது. எண்ணிக்கொண்டிருந்தவன் கடைசித் தோலைப் போட்டுவிட்டுச் சத்தமாகச் சொன்னான்.

அறுநூற்று நாற்பத்து மூன்று.